நுரையை யார் வாரச் சொன்னது?

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
14 மார்ச் 1995

திரு. சபாபதி அவர்களுக்கு,

உங்கள் மனைவி சீதாலெட்சுமி எழுதுவது. போனில் பேச முடியாது. கீழ்வீட்டு இராஜம்மா அக்காவின் போனில் நான் குரலை உயர்த்தினால் தெருக்கோடி வரை கேட்கும். குரலை உயர்த்தாமல் உங்களிடம் பேச இப்போது என்னால் ஆகாது. அதனால்தான் கடிதம்.

ஏழாம் எண் எண்ணெய்க் கிணற்றில் என் புரதம் தோற்றுவிட்டது என்று நேற்றுச் சொன்னீர்கள். சரி. ஆராய்ச்சி என்றால் தோற்கத்தான் செய்யும், அதற்கெல்லாம் அழுகிறவள் நானில்லை. அடுத்த மூச்சிலேயே நீங்கள் சொன்னீர்களே, அதுதான் குத்திக்கொண்டிருக்கிறது. "சரி விடு லா சீதா, கெர்த்தேக்கு வந்துடு. இங்க கடல் காத்து நல்லா இருக்கும்." அந்தக் குரலில் கொஞ்சமாவது வருத்தம் இருந்ததா? நேற்றிலிருந்து யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். இல்லை.

நாம் போட்ட ஒப்பந்தம் எனக்கு மறக்கவில்லை. கல்யாணமாகி இரண்டு வருஷம். நீங்கள் திரங்கானு கடலுக்கு நடுவே எண்ணெய் மேடையில், நான் இங்கே ஆய்வுக்கூடத்தில். மாதத்தில் ஒரு வாரம்தான் புருஷன் பெண்டாட்டி. இந்தச் சோதனை ஜெயித்தால் நான் வேலையில் இருப்பேன், தோற்றால் ராஜினாமா கொடுத்துவிட்டு உங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிடுவேன் என்று கையடித்துச் சொன்னது நான்தான். அன்றைக்கு எனக்கு உறைக்காதது இப்போது உறைக்கிறது. சோதனை நடப்பது உங்கள் மேடையில். டிரம்மைத் திறந்து கிணற்றில் செலுத்துவது உங்கள் ஆட்கள். அது தோற்றால் யாருக்கு நல்லது?

காப்பாரில் வெட்டிப்போட்ட செம்பனை மரங்களில் அந்தக் காளானைத் தேடி எடுத்து, தொட்டியில் வளர்த்து, அதன் மேல்தோலில் இருக்கிற புரதத்தைத் தனியாகப் பிரித்தெடுக்க எனக்கு நான்கு வருஷம் ஆனது. வயதான கிணற்றில் எண்ணெய் தீர்ந்துபோவதில்லை, பாறையைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்று அடம் பிடிக்கிறது என்பதை எனக்குச் சொன்னதே நீங்கள்தான். பாறைக்கும் எண்ணெய்க்கும் நடுவே புகுந்து இரண்டையும் விலக்கிவிடுகிற வேலையை இந்தப் புரதம் லேபில் ஒவ்வொரு தடவையும் செய்தது. உங்கள் கிணற்றில் மட்டும் ஒன்றுமே செய்யவில்லையாம். நம்பச் சொல்கிறீர்கள்.

எங்கள் தலைவர் டாக்டர் அண்ணாமலை ஜூன் மாதத்தோடு திட்டத்தை மூடுகிறார். என் தொட்டியை வேறு ஆளுக்குக் கொடுக்கப் போகிறார்கள். சொன்ன சொல்லை நான் காப்பாற்றுவேன், அந்தக் கவலை வேண்டாம். ஆனால் ஒன்றைக் கேட்டுவிட்டுத்தான் பெட்டியைக் கட்டுவேன். ஒழுங்காகச் செய்தீர்களா?

சீதாலெட்சுமி


கெர்த்தே, திரங்கானு
21 மார்ச் 1995

திருமதி சபாபதி அவர்களுக்கு,

"திரு." போட்டு வந்ததும் ஏதோ வரி ஆபீஸ் கடிதமாக்கும் என்று பிரிக்காமல் போட்டு வைத்திருந்தேன். பிரித்துப் படித்த பிறகு வரி ஆபீஸே தேவலை என்று ஆகிவிட்டது.

ஒழுங்காகச் செய்தேனா என்று கேட்கிறாய். கேட்டுக்கொள். உன் லோரி கெமாமான் துறைக்கு வந்த அன்று எனக்கு ஓய்வு நாள். வேறு ஆளை அனுப்பாமல் நானே போய் நின்றேன். கடல் அன்றைக்குச் சரியில்லை. படகு ஏறி ஏறி விழுந்தது, ஆட்கள் வாந்தி எடுத்தார்கள். உன் டிரம்கள் கவிழ்ந்துவிடக் கூடாதே என்று கயிறு போட்டுக் கட்டி, பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தேன்.

மேடைக்கு எந்த மருந்து வந்தாலும் அடியில் மண்டியாகத் தங்கியிருக்கும். அதனால் டிரம்மைப் படுக்கப் போட்டு, தளம் முழுக்க இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உருட்டி, நன்றாகக் கலந்த பிறகுதான் திறப்போம். எங்கள் வழக்கம் அது. உன் டிரம் என்பதால் இன்னும் கூட உருட்டச் சொன்னேன். "என்னா அண்ணே, அண்ணி மருந்துன்னா எங்க முதுகு போனாலும் பரவாயில்லையா?" என்று கத்தினார்கள். மூடியைத் திறந்தால் ஒரே நுரை. கடையில் நுரை பொங்கத் தே தாரேக் டீ ஆற்றுகிறவன் தோற்றான், போ. கிரேன் ஓட்டுகிற நம்ம காப்பார் ஜெயராஜ் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, கிளாஸ் எடுத்தாங்க லா, சீனி மட்டும்தான் கொறைச்சல்" என்றான். நுரை பம்புக்குள் போனால் காற்று அடைத்துக்கொள்ளும். அதனால் நானே கிட்ட நின்று நுரையைச் சுத்தமாக வாரச் சொல்லி, கீழே தெளிந்திருந்ததை மட்டும் கிணற்றுக்குள் செலுத்தினேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. நீ சொன்ன நாள் வரை கிணற்றை மூடி ஊறவிட்டுத் திறந்தோம். பழையபடி தண்ணீர்தான் வந்தது.

இதற்கு மேல் எப்படி ஒழுங்காகச் செய்வது, நீயே சொல். உன் உழைப்பைக் கெடுத்துத்தான் உன்னை இங்கே கொண்டுவர வேண்டும் என்றால் அப்படி ஒரு குடித்தனமே எனக்கு வேண்டாம். என்னைப் பற்றி இப்படி நினைக்க உனக்கு எப்படி மனசு வந்தது சீதா? சித்திரைப் புத்தாண்டுக்கு லீவு இருக்கிறது. வரமாட்டேன்.

ஏழாம் எண் கிணற்றை ஆகஸ்டில் சிமெண்டு போட்டு ஒரேயடியாக அடைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு நாம் சண்டை போட வேறு ஏதாவது தேடிக்கொள்ள வேண்டும்.

சபாபதி


பிரிக்பீல்ட்ஸ்
25 மார்ச் 1995

என்னங்க,

நுரையா? நுரையை வாரிக் கொட்டினீர்களா? ஐயோ ஐயோ, யார் வாரச் சொன்னது?

அந்த நுரைதான் மருந்து! என் நான்கு வருஷ உழைப்பும் அந்த நுரையில்தான் இருந்தது. நீங்கள் டீயைக் கொட்டிவிட்டு கிளாஸ் கழுவிய தண்ணீரைக் கிணற்றுக்குக் கொடுத்திருக்கிறீர்கள்!

பொறுமையாகச் சொல்கிறேன். இந்தப் புரதத்துக்கு ஒரு பக்கம் தண்ணீர் பிடிக்கும், இன்னொரு பக்கம் தண்ணீரைக் கண்டாலே ஆகாது. கிணற்றுக்குள் காற்று இல்லை, எண்ணெய்தான் இருக்கிறது. அதனால் நேராக எண்ணெயிடம் போய் ஒட்டும். ஆனால் டிரம்மில் காற்று இருந்தால் அதற்கு அதுவே போதும். குலுக்கக் குலுக்க ஒவ்வொரு குமிழியையும் போர்வை மாதிரி சுற்றிக்கொள்ளும். ஒரு தடவை சுற்றிக்கொண்டால் திரும்பத் தண்ணீருக்கு வரவே வராது. கீழே தெளிவாக நின்றது என்றீர்களே, அதில் புரதமே இருந்திருக்காது.

உருட்டியது நீங்கள். அதற்கு முன்னால் கெடுத்தது நான். வெயிலில் டிரம் உப்பிவிடும் என்று மேலே ஒரு சாண் இடம் விட்டு நிரப்பச் சொன்னவளே நான்தான். குவாந்தான் ரோட்டில் லோரி போட்ட ஆட்டத்திலேயே பாதி போயிருக்கும். எங்கள் லேபில் யாரும் அதைக் குலுக்க மாட்டோம். புதிதாகச் சேர்ந்தவர்கள் பாட்டிலைக் கொஞ்சம் ஆட்டினாலே என்னோடு வேலை செய்கிற சந்திரகலா அவர்கள் கையில் ஒன்று வைப்பாள். அப்படியே பழகிப்போனதால், உப்பு எவ்வளவு, சூடு எவ்வளவு என்று உங்களுக்குப் பக்கம் பக்கமாக எழுதியவளுக்குக் குலுக்காதீர்கள் என்று எழுதத் தோன்றவில்லை. வீட்டுக்கு வருகிறவரிடம் சுவர் மேல் முட்டிக்கொள்ளாதீர்கள் என்றா சொல்வோம்?

உங்கள் கடிதத்தைப் படித்ததும் இரண்டு பாட்டிலை எடுத்தேன். ஒன்றைக் கழுத்து வரை, காற்றே இல்லாமல் நிரப்பினேன். இன்னொன்றில் பாதி. இரண்டையும் சந்திரகலாவின் மோட்டார் சைக்கிள் கூடையில் வைத்து, காப்பார் வரை போய்த் திரும்பி வரச் சொன்னேன். அந்த ரோட்டில் எத்தனை குழி என்று உங்களுக்கே தெரியும். பாதி பாட்டில் முழுக்க நுரை. அடித்தண்ணீரை எண்ணெய் மணலில் ஊற்றினால் ஒன்றும் நடக்கவில்லை. நிரப்பின பாட்டில் எப்போதும் போல எண்ணெயைப் பிரித்துக் கொடுத்துவிட்டது. நானும் சந்திரகலாவும் லேபிலேயே கட்டிப்பிடித்துக் குதித்தோம். அப்புறம் நான் உட்கார்ந்து அழுதேன்.

உங்களைச் சந்தேகப்பட்டேன். கள்ளத்தனம் செய்தீர்கள் என்று சொல்லாமல் சொன்னேன். டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்த மனுஷனை அப்படிச் சொல்லிவிட்டேனே என்று வெட்கமாக இருக்கிறது. மன்னித்துவிடுங்கள் என்று எழுதினால் சம்பிரதாயமாகத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். மன்னித்துவிடுங்கள்.

கிணற்றை அடைப்பதற்குள் இன்னொரு தடவை பார்க்க முடியுமா? ஒரே ஒரு தடவை. முடியாது என்றால் முடியாது என்று எழுதுங்கள், கோபப்பட மாட்டேன்.

சீதா

பி.கு.: அந்த நுரையை எங்கே கொட்டினீர்கள்? கடலில் என்றால் சொல்லாதீர்கள்.


கெர்த்தே
6 ஏப்ரல் 1995

அன்புள்ள சீதா,

கடலில்தான்.

உன் கடிதம் வந்த அன்று நான் மேடையில் இருந்தேன். சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். எதிரே இருந்தவர்கள் வீட்டில் ஏதோ விசேஷம் என்று கைகொடுத்தார்கள். உனக்குப் புரிகிறதா தெரியவில்லை. உன் புரதம் பொய்யில்லை, நானும் பொய்யில்லை. நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை யாரோ தூக்கிப் போட்ட மாதிரி இருந்தது.

ஆனால் அதற்கப்புறம் நான் போய் நிற்க வேண்டிய இடம் பாஸின் அறை. அவர் வாரக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லச் சொன்னார். எழுந்து நின்று, "மருந்து தோக்கல. மருந்தை வாரி வெளியே கொட்டச் சொன்னது நான்தான்" என்றேன். அப்புறம் சிரித்தார்கள் பார், மேடையே ஆடியது. இப்போது என் பெயர் போய்விட்டது. சமையல்காரர் வரை "தே தாரேக், சாப்பிட வா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். பரவாயில்லை. இன்னொரு தடவைக்கு அனுமதி வாங்கிவிட்டேன். ஜூனுக்குள் முடிக்க வேண்டும். இதுவும் தோற்றால் சிமெண்டு, அதில் பேச்சே இல்லை என்றார் பாஸ்.

இன்னொன்று சொல்ல வேண்டும். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு தடவை பேனாவை மூடினேன். அன்றைக்குப் போனில் என் குரலில் வருத்தம் இல்லை என்றாயே, அது உண்மைதான். கிணற்றிலிருந்து தண்ணீர் வந்ததைப் பார்த்தபோது உனக்காக வயிறு எரிந்தது. அதே நேரத்தில் மனசின் ஒரு மூலையில் "சீதா வந்துடுவா" என்று சந்தோஷமும் வந்தது. அதை அடக்கத் தெரியாமல்தான் கடல் காத்து, அது இது என்று உளறினேன். கை வைத்துக் கெடுக்கவில்லை. ஆனால் சந்தோஷப்பட்டேன். இந்த வீட்டில் ஒரு தட்டைக் கழுவி, ஒரு தட்டில் சாப்பிட்டு, அதே தட்டைத் திரும்பக் கழுவி வைக்கிறவனுக்கு அப்படித்தான் தோன்றும். இதற்கு நீ என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

புத்தாண்டுக்கு வரமாட்டேன் என்று எழுதியது செல்லாது. வருகிறேன். இராஜம்மா அக்காவிடம் சண்டை எதுவும் கேட்காது என்று சொல்லிவை.

சபா


பிரிக்பீல்ட்ஸ்
20 மே 1995

என்னங்க,

டிரம்கள் நாளைக் காலை கிளம்புகின்றன. இந்தத் தடவை விளிம்பு வரை நிரப்பி, தளும்பத் தளும்ப மூடியிருக்கிறோம். உள்ளே ஒரு குமிழி கிடையாது. அதனால் வெயில் பட்டால் உப்பும். நிழலில் வைத்து ஈரச் சாக்கு போட்டு மூடுங்கள். உருட்டக் கூடாது. கிரேனில் தூக்கும்போது ஜெயராஜை ஊஞ்சலாட்டாமல் தூக்கச் சொல்லுங்கள். திறந்ததும் குழாயை அடி வரைக்கும் விட்டு மெதுவாக உறிஞ்ச வேண்டும், மேலேயிருந்து ஊற்றக் கூடாது. யாராவது "கொஞ்சம் கலக்கி விடலாமே" என்றால் கரண்டியைப் பிடுங்கிக் கடலில் போடுங்கள். கடலில் போட உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

லோரிக்காரர் அய்யாவு அண்ணன் என்னைப் பைத்தியம் என்றே முடிவு கட்டிவிட்டார். கிள்ளானில் ஒரு மெத்தைக் கடையில் விலைபோகாமல் கிடந்த பஞ்சு மெத்தைகளை வாங்கி லோரி முழுக்க விரித்து, நடுநடுவே டிரம்களைச் சொருகியிருக்கிறேன். "என்னா தங்கச்சி, டிரம்முக்குச் சாந்தி முகூர்த்தமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். சந்திரகலா இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். மெல்லப் போங்கள் அண்ணே என்றதற்கு, பின்னாலே வருகிறவன் ஹார்ன் அடித்தே தன்னைக் கொன்றுவிடுவான் என்கிறார். போவார், நல்ல மனுஷன்.

நீங்கள் புத்தாண்டுக்கு வந்திருந்தபோது அந்த மூலையில் வந்த சந்தோஷத்தைப் பற்றி நான் ஒன்றும் பேசவில்லை. பேசினால் அழுதுவிடுவேன் என்று பாயசத்தைக் கிண்டிக்கொண்டிருந்தேன். உங்களைத் திட்ட எனக்கு வாயில்லை. போன வருஷம் உங்கள் மேடையில் ஆள்குறைப்பு என்று பேச்சு வந்ததே, அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? கந்தசாமி கோயிலுக்குப் போய், என் வீட்டுக்காரர் பெயரும் அதில் வரட்டும், கோலாலம்பூருக்கே வந்துவிடட்டும் என்று கும்பிட்டேன். சாமி என்னை மதிக்கவில்லை, நீங்கள் பிழைத்தீர்கள். எனக்கும் ஒரு மூலை இருக்கிறது.

ஒப்பந்தம் அப்படியே இருக்கட்டும். தோற்றால் வந்துவிடுகிறேன், இந்தத் தடவை கோபமில்லாமல். ஆனால் தோற்கக் கூடாதுங்க. எனக்கு இந்த வேலை வேண்டும். நீங்களும் வேண்டும். இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுத இவ்வளவு நாள் எனக்குத் தைரியம் வரவில்லை.

சீதா


கெர்த்தே
1 ஜூலை 1995

சீதா,

முதலில் நல்ல சேதி, அப்புறம் கதை. ஏழாம் எண் கிணற்றுக்குச் சிமெண்டு இல்லை. பாஸ் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இப்போது கதை. உன் டிரம்களைக் கெமாமானிலிருந்து கிளம்ப விடாமல், கடல் தட்டு மாதிரி அமைதியாகும் வரை காத்திருந்தேன். படகுக்காரர் முறைத்தார். மெத்தைகளையும் கூடவே ஏற்றிக்கொண்டேன். ஜெயராஜ் டிரம்மைத் தூக்கி இறக்கிய அழகைப் பார்த்திருக்க வேண்டும், தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி விட்டான். நுரையே இல்லை. திறந்து பார்த்துவிட்டு, "என்னா அண்ணே, இது வெறும் தண்ணியால்ல இருக்கு?" என்று என்னையே சந்தேகமாகப் பார்த்தான். மெதுவாக உறிஞ்சி உள்ளே விட்டு, கிணற்றை மூடினோம். ஊறட்டும் என்று விட்ட நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

திறந்தோம். முதல் நாள் தண்ணீர். மறுநாளும் தண்ணீர். யாரும் தே தாரேக் என்று கூப்பிடவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. எல்லோரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். உனக்கு எழுத வேண்டிய கடிதத்தை மனசுக்குள்ளேயே எழுதி எழுதிக் கிழித்தேன். அதற்கடுத்த நாள் காலையில் ஜெயராஜ் கிணற்றிலிருந்து பிடித்த சோதனை பாட்டிலைத் தூக்கிக்கொண்டு இரும்புப் படியில் தடதடவென்று ஓடி வந்தான்.

"அண்ணே! இன்னைக்கு தே தாரேக் இல்ல லா. கோப்பி ஓ!"

பால் விடாத கோப்பி மாதிரி கறுப்பு, சீதா. முன்பெல்லாம் பாட்டிலில் ஒரு விரல் அகலம்தான் எண்ணெய் மிதக்கும். இப்போது பாதியை நெருங்கி நிற்கிறது. அவன் சந்தோஷத்தில் பாட்டிலை ஆட்டிக் காட்டினான். "டேய், குலுக்காதடா!" என்று நான் போட்ட சத்தத்தில் பாஸ் அறையிலிருந்து ஓடி வந்தார். இதைக் குலுக்கினால் ஒன்றும் ஆகாது என்று எனக்கும் தெரியும். பழக்கதோஷம். பாஸ் பாட்டிலை வாங்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். நான் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கடலையே பார்த்தேன். கண்ணில் உப்புக் காற்று என்று ஜெயராஜிடம் சொன்னேன், அவன் நம்பவில்லை.

அன்றிலிருந்து நாள் தவறாமல் அப்படியேதான் வருகிறது. பாஸ் இன்னும் இரண்டு கிணறுகளுக்கு மருந்து கேட்கிறார். ஆனால் ஒவ்வொரு தடவையும் மெத்தை போட்டுக் கோலாலம்பூரிலிருந்து ஊர்ந்து வர முடியாது, கெமாமான் துறைக்குப் பக்கத்திலேயே அந்தம்மா தொட்டி வைத்துச் செய்ய மாட்டாரா என்று கேட்டார். கேட்டது அவர். நான் வாயே திறக்கவில்லை, சத்தியம். உங்கள் அண்ணாமலைக்கும் தனியாக எழுதியிருக்கிறார்.

ஒப்பந்தப்படி நீ ஜெயித்துவிட்டாய். வேலை உன்னுடையது. எங்கே என்பதையும் நீதான் சொல்ல வேண்டும். அங்கேயே இருப்பேன் என்றாலும் சரி, நான் பஸ் ஏறி வருகிறேன். இந்தத் தடவை என் குரலை நீ கேட்க முடியாது, அதனால் எழுதிவிடுகிறேன். அந்த மூலையில் மட்டுமில்லை, வீடு முழுக்கச் சந்தோஷம்.

சபா


பிரிக்பீல்ட்ஸ்
10 ஜூலை 1995

என்னங்க,

உங்கள் கடிதத்தை இராஜம்மா அக்காவுக்குப் படித்துக் காட்டினேன், கடைசி வரியைத் தவிர. அவர் போனைத் தூக்கி என் கையில் கொடுத்து, "பேசு. தெருவுக்கே கேட்டாலும் பரவாயில்ல" என்றார். நீங்கள் அப்போது மேடையில் இருந்தீர்கள். அதனால் எதிர்ச் சுவரைப் பார்த்துக் கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு வைத்துவிட்டேன்.

டாக்டர் அண்ணாமலை இன்று காலை கூப்பிட்டார். தொட்டி என் பெயரிலேயே இருக்கும், ஆனால் கெமாமானில் இருக்கும். சந்திரகலா இங்கே காளானைப் பார்த்துக்கொள்வாள், நான் அங்கே புரதத்தைப் பார்த்துக்கொள்வேன். "இது லோரியில் வர முடியாத பொருள் என்றால் நீங்கள்தான் அதனிடம் போக வேண்டும்" என்று ஏதோ எனக்குத் தண்டனை கொடுக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார். நானும் ரொம்ப வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டு சரி சார் என்றேன். கதவைச் சாத்திய பிறகு சந்திரகலா என் வாயைப் பொத்த வேண்டியிருந்தது. நான்கு மாதமாக எது நம் சண்டைக்குக் காரணமோ, அதுவே என்னை அங்கே கொண்டுவந்து விடுகிறது. ஆட்டினால் கெட்டுப்போகிற அந்தப் பிடிவாதக்காரிக்கு நான் கோயில் கட்டப் போகிறேன்.

தொட்டி சனிக்கிழமை அய்யாவு அண்ணன் லோரியில் வரும். காலியாகத்தான் வருகிறது, அதனால் அவர் ஆசை தீர வேகமாக ஓட்டலாம் என்று சொல்லிவிட்டேன். படகில் ஏற்றின மெத்தைகளைத் திருப்பி அனுப்ப வேண்டாம். இரண்டை வெயிலில் காய வைத்து வீட்டுக்கு எடுத்து வையுங்கள். தட்டு இன்னொன்று வாங்குங்கள்.

நான் ஞாயிற்றுக்கிழமை புடுராயாவில் பஸ் ஏறுகிறேன். சீட்டு கடைசி வரிசையில், சக்கரத்துக்கு மேலேதான் கிடைத்தது. கெர்த்தே வரைக்கும் தூக்கித் தூக்கிப் போடும் என்று டிக்கெட் கொடுத்தவர் பாவப்பட்டார். போடட்டும் அண்ணே என்றேன். குலுக்கல் ஆகாதது டிரம்முக்குத்தான், எனக்கு ஒன்றும் ஆகாது.

உங்கள் சீதா